பட்டாவில் பெயர் இல்லாதவரின் பங்கு

ஓர் ஏக்கர் நஞ்சை கைமாறி இறால் குட்டையாகும்போது, சார்பதிவாளர் அலுவலகப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள்தான் இருக்கும். விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். அந்த வயலில் நாற்று பறித்தவர், நடவு நட்டவர், களை எடுத்தவர், அறுவடை முடிந்ததும் ஆடு ஓட்டிப்போனவர், ஐப்பசி மழையில் வாய்க்காலில் மீன் பிடித்தவர் என்று எவர் பெயரும் அதில் வராது. வருவதற்கு அந்தப் பத்திரத்தில் இடமும் இல்லை. ஆனால், அந்த நிலம் உப்பாகும்போது முதலில் பட்டினி கிடப்பது இவர்கள்தான்.

காவிரிக் கடைமடையில் இது சிறிய விஷயம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் சுமார் 31 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். திருவாரூரில் 34 சதவீதம். மாநில அளவில் இது 20 சதவீதம்தான். அதாவது, இங்கே மூன்று பேரில் ஒருவர். இவர்களில் பெரும்பாலானோர் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். கூலியை உயர்த்திக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. அதற்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. குடிசை நின்ற மனை சொந்தமானது. குடிசைக்கு எதிரே இருந்த வயல் சொந்தமாகவில்லை.

சூழலியல் படித்தவர்கள் ‘சூழலமைவுச் சேவைகள்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். பெயர்தான் கனமானது, பொருள் நமக்குத் தெரிந்ததே. இயற்கை மனிதருக்குக் காசு வாங்காமல் செய்து தரும் வேலைகள் அவை. சோறும் மீனும் விறகும் தருவது ஒரு வகை. வெள்ளத்தை உறிஞ்சுவது, தண்ணீரை வடிகட்டுவது, புயலின் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வகை. 2005இல் ஐ.நா. முன்னெடுப்பில் 1,300க்கும் மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து உலகம் முழுவதையும் பார்த்து ஓர் அறிக்கை தந்தார்கள். ஆராய்ந்த 24 சேவைகளில் 15 சீரழிந்து வருகின்றன என்றார்கள். கூடவே, அந்த இழப்பு ஏழைகள் தலையில்தான் அதிகமாக விழுகிறது என்றும் சொன்னார்கள். ஏழை என்ற சொல்லோடு அந்த அறிக்கை நின்றுகொள்கிறது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தெருவும் திசையும் உண்டு.

நெல்லோடு முடிவதில்லை வயல்

நஞ்சை வயலை நெல் மூட்டைக் கணக்கில் மட்டும் அளப்பது நிலம் வைத்திருப்பவரின் கணக்கு. நிலம் இல்லாதவரின் கணக்கு வேறு. சம்பா தாளடிக்கு நடவுக்கூலி, களையெடுப்புக் கூலி, அறுவடைக் கூலி. அறுவடை இயந்திரம் வந்தபின் கடைசியில் சொன்னது பெரும்பாலும் போய்விட்டது. நெல் தரிசில் தெளித்த உளுந்தும் பச்சைப் பயறும் காய்க்கும்போது, பறிப்புக் கூலியைப் பணமாகத் தராமல் பயறாகவே அளந்து தரும் ஊர்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துப் பருப்பு அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

கூலிக்கு வெளியே இருப்பதுதான் இதைவிடப் பெரிய பகுதி. வரப்பில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை. தண்ணீர் நிற்கும் மாதங்களில் வயல் நண்டு, நத்தை. வாய்க்காலில் கெண்டை, குறவை, விரால். அறுப்புக்குப் பின் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தாள் மேய்ச்சல். கூரைக்கு வைக்கோலும் கோரையும். இதில் எதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. கூலி இல்லாத மாதத்தில் குழந்தைக்குக் கிடைத்த புரதமும் இரும்புச் சத்தும் இவைதான். நண்டு, நத்தை, எலி தின்பதை இழிவாகப் பேசிய ஊர், அந்த இழிவான சாப்பாடுதான் சேரிப் பிள்ளைகளை ரத்தசோகையிலிருந்து ஓரளவாவது காத்தது என்பதைக் கவனிக்கவில்லை. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். நண்டு தந்ததை அது தராது.

இந்த வரவுகளை எந்த அடங்கலும் பதிவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பயிரின் பெயர் இருக்கும், பரப்பு இருக்கும். வரப்பில் கீரை கிள்ளியவர் இருக்க மாட்டார். பதிவில் இல்லாதது தொலைந்தால், தொலைந்தது என்று சொல்லவும் ஆதாரம் இருக்காது.

உப்பு வந்த வழி

1990களின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி, நாகை வட்டாரங்களில் நெல் வயல்கள் வரிசையாக இறால் குட்டைகள் ஆயின. அன்று வளர்த்தது டைகர் இறால். விற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருஷங்கள் அவை. விளையாத நிலத்துக்கு எதிர்பார்க்காத விலை வந்தால் யார்தான் விற்க மாட்டார்கள்? அவர்கள் விற்றார்கள், பணம் வாங்கினார்கள். பணம் வாங்காதவர்களின் நிலைமையைத்தான் பேச வேண்டும்.

இறால் குட்டையில் உப்பு நீரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பார்கள். குட்டை வயல் மட்டத்தைவிட உயரமாகக் கரை கட்டியது. உப்பு நீர் பக்கவாட்டில் கசியும், கீழேயும் இறங்கும். கடலோரக் கிராமங்களில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் இருக்கிறது, அதன் அடியில் உப்பு நீர். அந்த மெல்லிய நல்ல தண்ணீரில்தான் அடிபம்பு நிற்கிறது. குட்டை வந்த சில வருஷங்களில் பம்புத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடும். குட்டையைக் கழுவும்போது தீவன மிச்சமும் மருந்தும் கலந்த கழிவு வடிகாலுக்குப் போகும். வடிகால் ஓரத்தில் குடியிருப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை. நல்ல மேட்டு நத்தத்தில் மேலத்தெரு இருக்கும். தாழ்ந்த இடத்தில், வடிகால் பக்கத்தில் நம் தெரு இருக்கும். சாதி போட்ட ஊர் வரைபடத்தின் மேல்தான் உப்பு நடந்து போகிறது.

வேலையும் அதே வேகத்தில் குறைந்தது. நெல்லுக்கு நடவும் களையும் வேண்டும், அவை பெண்கள் கூட்டமாகச் செய்யும் வேலை. இறால் குட்டைக்கு ஒரு காவலாள், தீவனம் போட ஓரிருவர், காற்றூட்டும் மோட்டாரைப் பார்க்க ஒருவர் போதும். அவர்களும் பெரும்பாலும் ஆண்கள். நடவுப் பெண்களின் வேலை இன்னோர் ஆளுக்குப் போகவில்லை. வேலையே இல்லாமல் போனது.

இதை எதிர்த்து நாகை மாவட்டத்தில் நடந்த போராட்டம் இன்றைய மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும், தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் முன்னே நின்றார்கள். கீழ்வெண்மணிக்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்தவர்கள் இருவரும். 1981இல் ‘லாப்டி’ என்ற உழவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலம் இல்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிப் பதிந்து கொடுத்தவர்கள். அப்படிக் கொடுத்த நிலத்தின் பக்கத்திலேயே குட்டை வெட்டினால் என்ன ஆகும்? சுற்றிலும் உப்பு நீர் நிற்க, நடுவில் இருக்கும் ஓர் ஏக்கரில் நெல் விளையாது. நிலம் கைக்கு வந்தாலும், நிலம் செய்து தந்த வேலை கைவிட்டுப் போகும். நிலப் போராட்டம் சூழல் போராட்டமாக மாறிய இடம் இதுதான்.

ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்கச் சொன்னது. விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, கிராமப் பொதுப் பயன்பாட்டு நிலம் ஆகியவற்றைக் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற விதியைப் பொருத்தி, பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கண்டறிந்து இழப்பீடு வழங்க ஓர் அமைப்பை உருவாக்கச் சொன்னது. மூடப்படும் பண்ணைகளில் வேலை பார்த்த தொழிலாளருக்கு, வழக்கமான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு மேல் ஆறு வருஷக் கூலி தரவும் உத்தரவிட்டது. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் தந்த அறிக்கை அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பு. இறால் வளர்ப்பில் வரும் லாபத்தைவிடச் சூழலுக்கும் சமூகத்துக்கும் நேரும் சேதம் மிக அதிகம் என்றது அது.

தீர்ப்பின் ஆயுள் குறைவாகவே இருந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்தால் பண்ணை நடத்தலாம் என்று வழி திறந்தது. 2023இல் வந்த திருத்தம், கடற்கரை மண்டலத்துக்குள் இந்தத் தொழில் அனுமதிக்கப்பட்ட ஒன்று என்று இன்னும் தெளிவாக எழுதிவிட்டது. சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம் என்று தண்டனைப் பகுதியும் இளகியது. இதற்கிடையே இறாலும் மாறியிருந்தது. வெண்புள்ளி நோயில் டைகர் இறால் அடிபட்டுப் போக, 2009 வாக்கில் வன்னாமி வந்தது. வன்னாமிக்கு அதிக உப்பு தேவையில்லை. அதனால் கடலிலிருந்து தள்ளி, உள்ளே உள்ள வயலிலும் குட்டை வெட்ட முடிகிறது. 1996இல் தீர்ப்பு எழுதியபோது கோடு கடற்கரையோரம் இருந்தது. வன்னாமி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

ஏற்றுமதி வருமானத்தை மறுக்க முடியாது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் சுமார் 40,000 கோடி உறைய வைத்த இறால் மட்டும். ஆனால், இந்த வருமானம் அமெரிக்கச் சந்தையின் மூச்சில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அங்கே இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, இங்கே பண்ணைக்காரர்களுக்குக் கை நடுங்கியது. நோய் வந்தாலும் விலை விழுந்தாலும் பண்ணைக்காரர் குட்டையைக் கைவிட்டுப் போகலாம். கைவிட்ட குட்டை மறுநாள் வயலாகிவிடாது. உப்பேறிய மண்ணில் மறுபடி நெல் பிடிக்க எத்தனை மழைக்காலம் வேண்டும் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

நிவாரணமும் பட்டாவைக் கேட்கிறது

நிலம் மாறுவது மனிதர் கையால் மட்டும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தின் கடலோர வயல்களில் கடல்நீர் ஏறியது. நிவாரணம் படகு, வலை, வீடு என்ற வரிசையில் வந்தது. வயல் உப்பானவருக்கு மண்ணைச் சீர்திருத்த உதவி கிடைத்தது. அந்த வயலில் இரண்டு மூன்று போகம் வேலை இழந்த தலித் கூலிகள் எந்தப் பட்டியலிலும் முதலில் இல்லை. அன்று வந்த ஆய்வறிக்கைகள் பலவும் இதைப் பதிவு செய்தன.

2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது மரத்துக்குச் சொந்தக்காரருக்கு. அந்தத் தோப்பின் மட்டையை வாங்கிக் கீற்று முடைந்து வாழ்ந்த பெண்ணுக்குப் புதுக் கன்று காய்க்கும் வரை, குறைந்தது ஐந்தாறு வருஷம், முடைய மட்டை கிடையாது. அவருக்கு வந்தது மற்ற எல்லோருக்கும் வந்த நிவாரணப் பை. அவருடைய தொழில் அந்தத் தோப்போடு சாய்ந்தது என்று எழுத ஒரு கட்டம்கூடப் படிவத்தில் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான். பதிவு இல்லாத வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலமோ மடத்து நிலமோ பயிர் செய்பவர், பயிர் மூழ்கும்போது தன் பெயரில் விண்ணப்பிக்கவே திண்டாடுகிறார்.

சட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் இந்தக் குருட்டுத்தனம் திருத்தப்பட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் நிலம் இல்லாதவரையும் சேர்த்தது. அந்தப் பகுதியில் மூன்று வருஷமாக உழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர், நீர்நிலையை நம்பிப் பிழைத்தவர் எல்லாரும் அதில் வருவார்கள். வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 வருஷம் என்று மறுவாழ்வுக்கும் வழி சொன்னது. இவர்களைக் கண்டறிய வேண்டிய கருவி சமூகத் தாக்க மதிப்பீடு.

தமிழ்நாட்டில் அந்தக் கருவிதான் கழற்றப்பட்டது. தொழிற்சாலைக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு 2013 சட்டத்தின் நடைமுறை பொருந்தாது என்று மாநில அரசு திருத்தியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டு அட்டவணைகள் பொருந்தும் என்று சொல்வார்கள். பொருந்தட்டும். நிலம் இல்லாதவரைத் தேடி எழுத யாரும் வராவிட்டால், அட்டவணையில் அவர் எப்படி ஏறுவார்? நம் மக்களுக்கு மனை கொடுப்பதற்கென்று வந்த சட்டத்தையும் சிப்காட்டுக்கும் சாலைக்கும் எடுக்கும் சட்டங்களோடு ஒரே கட்டாகக் கட்டி விலக்கு வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இறால் குட்டைக்கோ மனைப்பிரிவுக்கோ இதுவும் கிடையாது. அது தனியார் விற்பனை, கையகப்படுத்தல் அல்ல. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவைக் காக்கும் என்றார்கள். எண்ணெய் எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு எல்லாம் அதன் தடைப் பட்டியலில் உண்டு. இறால் பண்ணை இல்லை.

ஏரியைக் காப்பதிலும் ஒரு கேள்வி

மறுபக்கத்தையும் பேச வேண்டும். சூழலைக் காக்கிறோம் என்று புறப்படும்போதும் முதலில் புல்டோசர் போவது ஏரிக்கரைக் குடிசைக்குத்தான். 2007 சட்டம் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது, அகற்றத்தான் வேண்டும். வெள்ளம் வந்தால் அந்தக் குடிசைதான் முதலில் மூழ்கும் என்பதும் உண்மை. ஆனால், அவர்கள் ஏன் ஏரிக்கரைக்கு வந்தார்கள்? ஊர் நத்தத்தில் இடம் விடாததால் வந்தார்கள். ஏரிக்குள்ளேயே கட்டிய பெரிய கட்டடத்துக்கும் கரையில் நிற்கும் குடிசைக்கும் ஒரே நோட்டீஸ் ஒட்டினாலும், முதலாமவர் நீதிமன்றம் போவார், இரண்டாமவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை விட்டு வேறு ஊர் போவார். கிராமப் பொதுநிலம் பற்றி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த ஜக்பால் சிங் தீர்ப்பு ஆக்கிரமிப்பைக் கடுமையாக அகற்றச் சொன்னது. அதே தீர்ப்பு, நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசாணைப்படி குத்தகையாக விட்ட நிலத்தை விதிவிலக்காகக் கருத இடம் விட்டது. தீர்ப்பின் முதல் பாதியை எல்லா அதிகாரிகளும் படித்திருக்கிறார்கள்.

மாவட்டத்தில் இப்போது செய்யக்கூடியவை சில உண்டு. இறால் பண்ணைப் பதிவு விண்ணப்பங்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு வருகின்றன. நம் ஊராட்சி எல்லைக்குள் எந்தெந்தச் சர்வே எண்ணில் பண்ணை பதிவாகியிருக்கிறது, அந்த எண் கிராம ‘அ’ பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, மேய்ச்சல் புறம்போக்கா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி யாரும் கேட்கலாம். விவசாய நிலத்தையும் கிராமப் பொதுநிலத்தையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை 2005 சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது என்பதால், பதில் வரும்போது அதுவே பாதி வழக்கு. கல்லூரி மாணவர்கள் தங்கள் தெருவின் அடிபம்புத் தண்ணீரை மாதம் ஒருமுறை எடுத்து, வேதியியல் துறைக் கூடத்தில் உப்பளவு பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி வைக்கலாம். எந்தெந்த வயலில் எத்தனை பேர் எத்தனை நாள் நடவு நட்டார்கள், என்ன கீரை, என்ன மீன் எடுத்தார்கள் என்பதைத் தெருப் பெண்களே சொல்ல, படித்த பிள்ளைகள் எழுதலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று அந்த நோட்டைப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்கு எந்தப் பட்டாவும் தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.